பட்டினமும் சூழலும்

(திருகோணமலையில் உழவரும் கற்றோரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி. எமது பட்டினத்திலிருந்து வடகரை வழியே செல்வோன் ஒருவன் அடுத்தடுத்துக் காணும் ஊர்களின் பெயர்கள் இவை. மூன்றும் 'வெளி' என்றே முடிகின்றன. எமது முன்னோர் இவ்வூர்களுக்குப் பெயர் வழங்கியபோது மாளிகையை நோக்கவில்லை, கோட்டையை நோக்கவில்லை. பரந்து கிடந்த நிலத்தையே ஊரின் அடையாளமாகக் கொண்டனர். வெளி இருந்தமையாலேயே ஊர் இருந்தது.

இன்னொரு பெயரையும் எண்ணிப் பாருங்கள். திருகோணமலை நகரை உள்ளடக்கிய பிரதேச செயலர் பிரிவுக்குப் 'பட்டினமும் சூழலும்' என்று பெயர். அந்நியர் ஆட்சியிலே நகர எல்லையைக் குறித்து வழங்கிய 'கிறவெற்ஸ்' என்ற சொல்லை எவரோ இவ்வளவு அழகாகத் தமிழ்ப்படுத்தி வைத்தார். பட்டினம் தனித்து நிற்பதன்று. அதனைத் தாங்கும் சூழல் ஒன்று உண்டு என்ற உண்மை அரசாங்கக் கடிதத் தலைப்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கின்றது. கடிதத் தலைப்பில் உள்ள உண்மை நிலத்திலும் நிலைக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.

பட்டினம் வளரத்தான் போகின்றது. அதனை எவரும் தடுக்க முடியாது. தடுக்க வேண்டியதும் இல்லை. மக்களுக்கு வீடு வேண்டும், இளைஞர்க்குத் தொழில் வேண்டும், துறைமுகத்துக்குக் கப்பல் வேண்டும். ஆனால் பட்டினம் வளர்ந்து முடியும்போது சூழல் எஞ்சுமா? எஞ்சுமாயின் அஃது எவருடைய கையில் எஞ்சும்? இவ்விரு வினாக்களையும் உங்கள் முன் வைக்கின்றோம்.

தற்செயல் காத்த நிலம்

1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது திருகோணமலை மாவட்டத்தில் ஏறத்தாழ 76,000 மக்கள் வாழ்ந்தனர். 2012ஆம் ஆண்டிலே அத்தொகை ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரமாக உயர்ந்திருந்தது. ஒரு மனிதனின் வாழ்நாளுக்குள் ஐந்து மடங்கு! இருந்தும் துறைமுகத்தைச் சூழக் காடும் குன்றும், தம்பலகாமத்து வயலும், கொட்டியாபுரப் பற்றின் ஆற்றுப் படுகையும் எஞ்சியிருக்கின்றன. இவற்றைக் காத்தவர் யார்? நாம் காத்தோமென்று மார்தட்டிக்கொள்ள இயலாது. காத்தது தற்செயல்.

1795இல் ஆங்கிலேயர் இத்துறைமுகத்தைக் கைப்பற்றினர். 1957 ஒக்டோபரில் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்படும்வரை, துறைமுகத்தைச் சூழ்ந்த நிலத்தின் பெரும் பகுதி அவர்களது போர்த் தேவைக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. சீனக்குடாவிலே ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளக்கூடிய எண்ணெய்த் தாங்கிகளை எழுப்பி, அவற்றுக்கிடையே காட்டை வளரவிட்டனர். 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் வந்து குண்டு வீசியபோது அந்தக் காடு அவர்களுக்கு மறைப்பாக வேண்டியிருந்தது. மரத்தின்மீது கொண்ட அன்பினால் அவர்கள் மரத்தை விட்டுவைத்தாரல்லர். பிரெட்றிக் கோட்டையின் புள்ளிமான்களும் அவ்வாறே பிழைத்தன. கோட்டைக்குள் குடியேற்றம் இல்லை. ஆதலின் மானுக்கு இடம் இருந்தது.

அந்நியர் சென்றபின் உள்நாட்டுப் போர் வந்தது. 1983 முதல் 2009 வரை இம்மாவட்டத்தின் எத்தனையோ வயல்கள் பற்றைக்காடாயின. எத்தனையோ கரைகள் தடைசெய்யப்பட்டன. அக்காலத்திலும் நிலம் வெளியாகவே கிடந்தது. ஆனால் அந்த வெளிக்கு எமது மக்கள் உயிரையும் ஊரையும் விலையாகக் கொடுத்தனர். அதனைப் பாதுகாப்பு என்று சொல்ல எவருக்கும் நா எழாது.

இன்று அவ்விரு காவலும் நீங்கிவிட்டன. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. படகுப் பாதையிலே காத்துக் கிடந்த மக்களுக்கு அது பெருந் துயர் தீர்த்தது. அதே பாலத்தின் வழியே காணி வாங்குவோரும் வந்து சேர்ந்தனர். 2022 சனவரியில் சீனக்குடாவின் 99 தாங்கிகளில் 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கும், 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கும் எனப் பங்கிடப்பட்டன. துறைமுகத்தின்மீது உலகின் கண் மீண்டும் விழுந்திருக்கின்றது. தற்செயலாற் காக்கப்பட்டது தற்செயலாகவே அழியும். சட்டத்தாற் காக்கப்படுவதே நிலைக்கும்.

'வெற்றுக் காணி' என்னும் சொல்

கந்தோர்களிலே வழங்கும் சொல் ஒன்று எமது மக்களுக்குப் பெருங் கேடு செய்திருக்கின்றது. 'வெற்றுக் காணி' என்பதே அது. அதன் வேர் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் இருக்கின்றது. காடாகவோ தரிசாகவோ பயிரிடப்படாமலோ கிடக்கும் நிலம் யாவும், மறுதலை நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியதெனக் கொள்ளப்படும் என்று அச்சட்டம் விதித்தது. நிரூபிக்கும் சுமை யார்மேல் விழுந்தது? உறுதி எழுதி வைக்கும் வழக்கமே இல்லாத கிராமத்தவன்மேல் விழுந்தது.

அவன் கண்ணுக்கு அந்நிலம் வெறுமையாகத் தோன்றவில்லை. அங்கே அவன் மாடு மேய்ந்தது. அங்கே விறகும் தேனும் ஓலையும் எடுத்தான். மழைக்கேற்பச் சேனை செய்து, பின் நிலத்தை ஆறவிட்டான். கடற்கரை மணலிலே கரைவலை இழுத்தான், வலையைக் காயவைத்தான். குளத்தின் மேற்புறத்திலே காடு நின்றமையால் குளம் தூராமல் இருந்தது. ஊரார் அனைவருக்கும் பொதுவாக இருந்தமையால் எந்த ஒருவனுடைய பெயரிலும் அது எழுதப்படவில்லை. எவருடைய பெயரிலும் எழுதப்படாதது எவருக்கும் உரியதன்று என்று கந்தோர் தீர்த்துவிட்டது. வெளி வேறு, வெறுமை வேறு. இந்த வேறுபாட்டை உணராத எந்தத் திட்டமும் கிராமத்தின் வயிற்றில் அடிக்கும் திட்டமாகவே முடியும்.

முடி போய்க் குடியரசு வந்தது, நோக்கு மாறவில்லை. சம்பூரை எண்ணுங்கள். 2006ஆம் ஆண்டுப் போரிலே அம்மக்கள் ஊரைவிட்டு ஓடினர். திரும்பி வருவதற்கு முன்னரே அவர்களுடைய நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. பின்னர் பாரிய கைத்தொழிலுக்கென ஒதுக்கப்பட்டது. அயலிலே நிலக்கரி மின்னிலையம் என்றார்கள். 2015இல் 818 ஏக்கர் மீதான கைத்தொழில் வலய வர்த்தமானி நீக்கப்பட்டது. 2016இல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. மக்கள் விடாது கேட்டமையாலேயே இவை நிகழ்ந்தன. 2025 ஏப்பிரலில் அதே சம்பூரிலே சூரிய மின் திட்டம் தொடக்கி வைக்கப்பட்டது.

அதே 2025ஆம் ஆண்டிலே பட்டினமும் சூழலும் பிரிவைச் சேர்ந்த முத்துநகர் உழவர் மாவட்டச் செயலகத்தின் முன் சத்தியாக்கிரகம் இருந்தனர். துறைமுக அதிகார சபைக்குரியதென ஏட்டிலே காணப்பட்ட நிலத்தைத் தாம் பல்லாண்டுகளாக உழுது வந்ததாகவும், ஏறத்தாழ 800 ஏக்கர் விளைநிலம் சூரிய மின் நிறுவனங்களுக்குப் போய்விட்டதாகவும் அவர்கள் முறையிட்டனர். ஏட்டிலே துறைமுகக் காணி, நிலத்திலே நெல். ஏடு வென்றால் நெல் தோற்கும். நெல் தோற்றால் உழவன் நகரத்துக் கூலியாவான்.

வயல் செய்யும் வேலை

வயல் நெல்லை மட்டும் தருகின்றது என்று எண்ணும் நகரத்து நண்பர்களுக்கு ஒரு சிறு கணக்குச் சொல்வோம். ஓர் ஏக்கர் வயலிலே வரம்புக்குள் அரையடி நீர் நிற்குமாயின், அங்கே ஆறு இலட்சம் லீற்றருக்கு மேல் நீர் தங்குகின்றது. 800 ஏக்கர் வயல் அவ்வாறு 49 கோடி லீற்றர் நீரை ஏந்தி நிற்கும். அந்த வயலைக் கிறவல் கொட்டி மேடாக்குங்கள், நீர் மறைந்துவிடுமா? மறையாது. பள்ளத்திலே இருக்கும் அடுத்தவன் வீட்டுக்குள் அது நுழையும். வயலை நிரப்பியவனின் வளவு காய்ந்திருக்கும். அவனுடைய வெள்ளத்தை ஏழை ஒருவன் தன் குடிசையில் சுமப்பான்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்நாட்டைத் தாக்கியபோது நடந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. மலைநாட்டிற் பெய்த மழை மகாவலியிலே திரண்டு எமது மாவட்டத்துக்கு வந்தது. மாவிலாற்று அணைக்கட்டு உடைத்துக்கொண்டது. வெருகலும் சேருவிலவும் மூதூரும் நீரில் நின்றன. மகாவலி கடலோடு கலக்கும் மாவட்டம் இது. மேலே பெய்யும் மழைக்கு நாம் பொறுப்பல்லேம். ஆனால் அந்நீர் பரந்து அடங்குவதற்கு இடம் வைத்திருப்பது எமது பொறுப்பு. ஆற்றுப் படுகையும் சதுப்பும் கண்டற் காடும் அந்த இடம். அவற்றிலே சுவர் எழுப்புவோன் ஆற்றோடு வழக்காடுகின்றான். ஆறு ஒருநாள் தீர்ப்புச் சொல்லும்.

இனிக் கரையோரத்தைப் பாருங்கள். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் மணலுக்குக் கீழே நன்னீர் இருக்கின்றது. அது பாறைக்குள் அடைபட்ட நீரன்று. கீழே உள்ள உப்புநீரின்மேல் மிதக்கும் மழைநீர். கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் தங்கும் என்பது நீரியலார் கண்ட விதி. எனவே மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பதடி போய்விடும். மணல்வெளி திறந்திருந்தால் மாரிமழை கீழே இறங்கி அந்த நீரை நிரப்பும். மணலைச் சீமெந்தால் மூடி, பெரிய இயந்திரம் வைத்து நாள்முழுதும் இறைத்தால் உப்பு மேலெழும். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் கடல் ஒருமுறை கரையேறிக் கிணறுகளை உவராக்கியது. கண்ணுக்குத் தெரியாமல் கீழிருந்து ஏறும் கடலும் அதே வேலையைச் செய்யும். அதற்கு ஆழிப்பேரலை தேவையில்லை.

இவையெல்லாம் வெறும் அச்சுறுத்தல் என்று எண்ணுவோர் சென்னையை நோக்குக. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் அறுபது ஆண்டுகளுக்குள் பழைய பரப்பின் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிற்று. குப்பை கொட்டினர், சாலை போட்டனர், மாடி எழுப்பினர். 2015 டிசெம்பரில் நகரின் தென்பகுதி வெள்ளத்தில் மூழ்கியது. 2022இல் எஞ்சிய துண்டு சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமென அறிவிக்கப்பட்டது. இழந்தபின் அறிவித்தார்கள். எமக்கு இழக்குமுன் அறிவிக்கும் வாய்ப்பு இன்னும் இருக்கின்றது.

கையொப்பம் இடுவோர் யார்?

அரசாங்கத்தை மட்டும் குறைகூறிவிட்டு வீடு திரும்பினால் எமது வேலை எளிதாக முடிந்துவிடும். அது நேர்மையன்று. வயலை விழுங்குவோர் கொழும்பிலிருந்து மட்டும் வருவதில்லை. எமது ஊரிலிருந்தும் எழுகின்றனர்.

வயல் எவ்வாறு வளவாகின்றது என்பதை உழவர்கள் நன்கு அறிவர். தெருவோர வயல் ஒன்றை ஒருவர் வாங்குவார். இரண்டு போகம் விதைக்காமல் தரிசாகப் போடுவார். பின்னர் ஒருநாள் இரவிலே கிறவல் வந்து இறங்கும். வாய்க்கால் அடைபடும். பின்னால் உள்ள வயலுக்கு நீர் போகாது. மாரியிலே நீர் வடியவும் மாட்டாது. பின்வயற்காரன் ஓராண்டு பொறுப்பான், ஈராண்டு பொறுப்பான். மூன்றாம் ஆண்டு கேட்ட விலைக்குக் கொடுப்பான். முதல் வயலை வாங்கியவர் காசு கொடுத்து வாங்கினார். அடுத்த வயல்களை வாய்க்காலை அடைத்து வாங்கினார். ஒரு வட்டை முழுவதும் இவ்வாறே வீழும்.

இதனைத் தடுக்கச் சட்டம் இல்லையா? இருக்கின்றது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி நெற்காணியை நிரப்புதலும் வேறு பயன்பாட்டுக்கு மாற்றுதலும் குற்றம். சட்டம் இருந்தும் வயல் போகின்றது எனின், எங்கேயோ ஒரு கற்றவரின் கை உதவுகின்றது என்பதே பொருள். நில அளவையாளர் துண்டு பிரித்துப் படம் கீறாமல், நொத்தாரிசு உறுதி முடிக்காமல், பொறியியலாளர் கட்டடப் படத்தில் ஒப்பமிடாமல், வங்கி கடன் கொடாமல், எந்த வயலும் வீட்டுத் துண்டாக மாறாது. உழவன் கலப்பையோடு நிற்கின்றான். வயலின் தலைவிதி பேனாவோடு இருப்பவர் கையில் இருக்கின்றது.

ஆதலின் இக்கூட்டத்திலே உள்ள கல்விமான்களிடம் நேரே கேட்கின்றோம். வாய்க்கால் ஓடும் காணியைத் துண்டாடும் படத்துக்கு உங்கள் கையொப்பத்தை மறுப்பீர்களா? மகளின் சீதனத்துக்கென வயலை நிரப்ப எண்ணும் உறவினரிடம், 'அது குற்றம்' என்று சொல்லும் துணிவு உங்களுக்கு உண்டா? வெளிநாட்டிலே வியர்வை சிந்திய எம்மவர் ஊரிலே ஒரு துண்டு நிலம் வேண்டுமென்று ஏங்குவது இயல்பு. அவர்களுக்கு மேட்டுக் காணியைக் காட்டுங்கள், வயலைக் காட்டாதீர்கள்.

எதிர்வாதங்கள்

'வயலும் வெளியும் பேசினால் தொழில் எங்கே?' என்று இளைஞர் கேட்பர். நியாயமான கேள்வி. தொழிலுக்கு நாம் எதிரிகளல்லேம். ஆனால் ஏற்கனவே கட்டடமும் பாதையும் உள்ள பழைய தொழில்நிலங்கள் இம்மாவட்டத்தில் இல்லையா? கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலை 1993இல் மூடப்பட்டது. பாழ்பட்ட தொழில்நிலத்தை முதலிலே உயிர்ப்பித்து, அதன் பின்னரும் போதாதாயின் புதிய நிலத்தைக் கேட்பதுதானே முறை?

'சூரிய மின்சாரம் வேண்டாமா?' என்பர். வேண்டும். நிலக்கரியின் புகையை எதிர்த்த மக்கள் கதிரவனின் ஒளியை ஏன் எதிர்க்கப் போகின்றனர்? ஆனால் நிலத்திலே தகடு விரித்தால் ஒரு மெகாவாற்று மின்சாரத்துக்கு ஏறத்தாழ நான்கைந்து ஏக்கர் வேண்டும். கூரையிலே விரித்தால் ஓர் அடி நிலமும் வேண்டியதில்லை. பாடசாலைக் கூரைகள், களஞ்சியக் கூரைகள், ஹோட்டற் கூரைகள், அரசாங்கக் கந்தோர்க் கூரைகள் இருக்கின்றன. பயிர் ஏற்காத மேட்டு நிலமும் இருக்கின்றது. நெல் விளையும் நிலத்தை முதலிலே கேட்பதற்குக் காரணம் ஒளி அன்று. அந்நிலம் மலிவாகவும் அதற்குரியவன் எளியவனாகவும் இருப்பதே.

'வெளியைக் காத்தால் காணி விலை ஏறும். ஏழை எங்கே குடியிருப்பான்?' என்பது மூன்றாவது வாதம். இதுவே மூன்றிலும் வலியது. இங்கிலாந்து தரும் படிப்பினையும் இதுதான். இலண்டன் மாநகரைச் சுற்றிப் பசுமை வளையம் அமைக்க 1938இல் சட்டம் இயற்றினர். 1947ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடற் சட்டம் அதற்கு உறுதி அளித்தது. 1955இல் ஏனைய நகரங்களும் அவ்வாறு செய்யத் தூண்டப்பட்டன. வளையம் நிலைத்தது, வயல் பிழைத்தது. ஆனால் வளையத்துக்கு உள்ளே போதிய வீடுகள் எழுப்பப்படாத இடங்களில் விலை ஏறியது. வறியவரே அதன் சுமையைத் தாங்கினர். ஆகவே வெளியே கோடு கீறுபவன் உள்ளே வீடு கட்டவும் கடமைப்பட்டவன். பட்டினத்துக்குள் மேட்டு நிலத்திலே, நீர்க்குழாயும் வடிகாலும் உள்ள இடத்திலே, ஏழைகளுக்கு மாடிவீடு கட்டட்டும். ஒருவர் இருபது துண்டு வாங்கிப் பூட்டி வைப்பதற்கு வரி விதிக்கட்டும். அவ்வாறு செய்யாமல் பசுமை பேசுவது வசதி படைத்தோர் தம் பலகணிக்கு வெளியே காட்சி தேடுவதாகவே முடியும்.

எல்லையை வரைபவர் யார்?

'பாதுகாப்பு' என்ற சொல்லைக் கேட்டதும் எமது உழவர் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. வனத் திணைக்களம் பாதுகாக்க வந்தது; மேய்ச்சற்றரைக்குள் எல்லைக்கல் நாட்டப்பட்டது. தொல்லியல் பாதுகாக்க வந்தது. வயலுக்குள் பெயர்ப்பலகை முளைத்தது. 2020 யூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி ஒன்று நியமிக்கப்பட்டபோது, தமிழ் பேசுவோர் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அக்குழுவிலே தொடக்கத்தில் ஒரு தமிழருக்கோ ஒரு முஸ்லிமுக்கோ இடம் இருக்கவில்லை. உரியவனை வெளியேற்றிவிட்டு நிலத்தைக் காப்பது காவல் அன்று, கைப்பற்றல்.

மறுபுறம், இம்மண்ணின் மக்கள் தாமே ஓர் இடத்தைக் காக்க முயன்றபோது என்ன நிகழ்ந்தது? 1968ஆம் ஆண்டிலே உள்ளூராட்சி அமைச்சர் மு. திருச்செல்வம் அவர்கள், கோணேசர் ஆலயச் சுற்றாடலைப் புனித பூமியாக்குவது பற்றி ஆராயக் குழு ஒன்றை நியமித்தார். திருஞானசம்பந்தர் பாடிய தலம். 1622இல் போர்த்துக்கேயர் இடித்து, அக்கல்லாற் கோட்டை கட்டிய தலம். எதிர்ப்பு எழுந்தவுடன் பிரதமர் அக்குழுவை நிறுத்தினார். அமைச்சர் பதவி துறந்தார். ஒரு குன்றின் சுற்றாடலைக் காப்பது பற்றி ஆராயும் உரிமைகூட இம்மாவட்டத்துக்கு அன்று இருக்கவில்லை.

காணி அதிகாரத்தைப் பிராந்தியத்துக்கு வழங்குவது பற்றி 1957இலும், காணி வழங்குகையில் மாவட்டத்துக் காணியற்றோர்க்கு முதலிடம் கொடுப்பது பற்றி 1965இலும் உடன்படிக்கைகள் எழுதப்பட்டன, நடைமுறைக்கு வரவில்லை. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் காணியை மாகாணப் பட்டியலிற் சேர்த்தது. அத்திருத்தம் கூறிய தேசியக் காணி ஆணைக்குழு கால் நூற்றாண்டு கடந்தும் அமைக்கப்படவில்லை. 2013இல் அரச காணி அதிகாரம் மத்திக்கே உரியதென உயர் நீதிமன்றம் தீர்த்தது. 2017இல் கிழக்கு மாகாண சபையின் காலம் முடிந்தபின் ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கழிந்தன. வெளியைக் காப்பதும் அதிகாரத்தைக் கேட்பதும் வெவ்வேறு வேலைகள் என்று எண்ணுவோர் இவ்வரலாற்றைப் படிக்கட்டும். எல்லையை வரையும் கோல் எமது கையில் இல்லையாயின், எமது வெளி மற்றவர் மேசையில் விரித்த வரைபடமாகவே இருக்கும்.

செய்யவேண்டியவை

அதிகாரம் முழுமையாக வரும்வரை கைகட்டி இருக்கலாமா? ஆகாது. இன்று உள்ள சட்டத்தைக் கொண்டே நான்கு காரியங்கள் செய்யலாம்.

முதலாவது, கிராமப் பதிவேடு. ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவிலும் வயல், குளம், வாய்க்கால், மேய்ச்சற்றரை, கரைவலைப் பாடு, சவக்காலை, விளையாட்டிடம் ஆகிய அனைத்தையும் கமக்காரர் அமைப்பும் மீனவர் சங்கமும் எழுதி, வரைபடமாக்கி, பிரதேச செயலகத்தில் ஒப்படைக்க வேண்டும். ஆசிரியர்களும் நில அளவையாளர்களும் இதற்கு உதவ வேண்டும். ஏட்டிலே இல்லாமை காரணமாக இழந்தோம், ஏட்டிலே ஏற்றுவோம்.

இரண்டாவது, நகர எல்லை. 1946ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரே 'நகர, நாட்டுப்புறத் திட்டமிடல்' என்பது. நகரத்தையும் நாட்டுப்புறத்தையும் ஒருங்கே திட்டமிட வேண்டும் என்று இந்நாடு சுதந்திரத்துக்கு முன்னரே ஏற்றுக்கொண்டது. நகர அபிவிருத்தி அதிகார சபை வரையும் எந்தத் திட்டத்திலும் பட்டினம் எங்கே நிற்கும், சூழல் எங்கே தொடங்கும் என்ற கோடு தெளிவாகக் கீறப்பட வேண்டும். அத்திட்டம் தமிழில் வெளிவர வேண்டும். உழவன் வாசித்து மறுப்புச் சொல்ல அவகாசம் வேண்டும்.

மூன்றாவது, ஊராரைக் கேளாமல் அரச காணி எதனையும் நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுக்கலாகாது என்ற தீர்மானம். எமது உள்ளூராட்சி மன்றங்கள் ஒவ்வொன்றும் இதனை நிறைவேற்றட்டும். அத்தீர்மானம் அமைச்சரைக் கட்டுப்படுத்தாது என்பதை அறிவோம். ஆயினும் மக்கள் மன்றத்தின் ஏகமனதான குரல் நீதிமன்றத்திலும் பாராளுமன்றத்திலும் சான்றாக நிற்கும்.

நான்காவது, வாய்க்காற் காவல். கிறவல் வண்டி வந்த இரவே கமநல சேவை நிலையத்துக்கு முறைப்பாடு போகவேண்டும். முறையிட்ட உழவனுக்கு வழக்கறிஞர் பணம் வாங்காமல் தோன்ற வேண்டும். தெருவோர வயல் ஒன்று காப்பாற்றப்பட்டால் அதன் பின்னால் உள்ள வட்டை முழுவதும் காப்பாற்றப்படும்.

நண்பர்களே! இந்த வெளியிலே தமிழனின் நீர் என்றும் முஸ்லிமின் நீர் என்றும் சிங்களவனின் நீர் என்றும் வேறில்லை. கந்தளாய்க் குளத்து நீர் தம்பலகாமத்து வயலுக்கு வருகின்றது. மாவிலாறு உடைந்தபோது மூன்று இனத்து உழவரும் ஒன்றாகவே மேட்டைத் தேடினர். முத்துநகர் உழவனுக்காகக் கந்தளாய் உழவன் பேசவும், சம்பூர் உழவனுக்காகக் கிண்ணியா மீனவன் பேசவும் காலம் வந்துவிட்டது.

பட்டினம் சோற்றையும் நீரையும் காற்றையும் சூழலிடமிருந்தே பெறுகின்றது. சூழலோ தன் பிள்ளைகளைப் படிப்பித்துப் பட்டினத்துக்கு அனுப்புகின்றது. இக்கூட்டத்திலே உத்தியோகம் பார்ப்போரிற் பெரும்பாலோர் உழவர் வீட்டுப் பிள்ளைகளே. தந்தை வரம்பிலே நின்று காத்த நிலத்தைப் பிள்ளை கந்தோரிலே இருந்து காக்கட்டும். பட்டினமும் சூழலும் என்ற பெயர் எமது பேரப்பிள்ளைகள் காலத்திலும் பொருளுடைய பெயராக விளங்கட்டும்.